எவாரிஸ்தோவின் கோணல் வாய்

சீட்டு போட்டதும் எவாரிஸ்தோ தன் கையைப் பார்ப்பதில்லை. எதிரணியில் சைகை செய்பவனையும் பார்ப்பதில்லை. அதை வாங்கிக்கொள்பவனைப் பார்ப்பார். "அனுப்புறவன் உஷாரா இருப்பான். புரிஞ்சவன்தான் எச்சி முழுங்குவான்" என்பார்.

த்ரூக்கோ சீட்டாட்டத்தில் எதிரெதிரே அமரும் கூட்டாளிகள் முகத்தாலேயே பேசிக்கொள்ளலாம். புருவம் உயர்ந்தால் கையில் வாள் ஒன்று என்ற சீட்டு. வாய் வலப்பக்கம் கோணினால் வாள் ஏழு. இரண்டுமே ஆட்டத்தை வெல்லும் பெரிய சீட்டுகள். பொய்ச் சைகை மட்டும் எங்கள் கழகத்தில் கூடாது. ஒலெகாரியோவும் அவர் தம்பியும் காது சொறிவது, தும்முவது என்று புதுக்குறிகள் வைத்துப் பார்த்தார்கள். விழுந்த சீட்டுகளோடு ஒப்பிட்டு ஒரே மாலையில் அவிழ்த்துவிட்டார் எவாரிஸ்தோ. "எனக்குப் பழைய பாஷையே போதும்ப்பா."

பகலில் அவர் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவர். "மூஞ்சிய ஆட்டாதீங்கம்மா, சர்க்காருக்குச் சிரிப்பு ஆகாது."

மார்ச்சில் ஒரு காலை அவர் முகத்தின் இடப்பாதி மரத்துப்போயிற்று. வாய் வலப்பக்கம் இழுத்து நின்றுவிட்டது. மாத்தே தேநீர் குடித்தால் இடக் கடைவாயில் ஒழுகுகிறது. மூட மறுக்கும் இடது கண்ணில் ஓயாமல் நீர். சரியாக மாதங்கள் ஆகலாம் என்றார் மருத்துவர்.

சனிக்கிழமை, ஆட்டுக்குட்டிப் பரிசுக்கான இறுதி ஆட்டத்தில், தம்பியோடு எதிரணியில் இருந்த ஒலெகாரியோ எழுந்துவிட்டார்.

"இவரு வாயி விடாம வாள் ஏழு, வாள் ஏழுங்குது. இது பொய்ச் சைகை இல்லாம என்ன?"

"அவருக்கு நோவுய்யா" என்றாள் நில்டா. எவாரிஸ்தோவின் கூட்டாளி, மனைவியின் தங்கை, ரொட்டிக்கடைக்காரி.

"நோவுன்னா வீட்ல படுக்கட்டும்."

நடுவர் தயங்கித் தயங்கித் தீர்ப்புச் சொன்னார்: வாய் நேராக இல்லாவிட்டால் எவாரிஸ்தோ இனி இந்த மேசையில் உட்கார முடியாது. அந்த மேசைக்காகத்தான் அவர் வாரம் முழுக்கப் படம் எடுக்கிறார்.

எவாரிஸ்தோ வலக் கடைவாயில் சுட்டுவிரலை வைத்து வாயை நடுவுக்குத் தள்ளினார். "இப்ப நேரா இருக்கா? போடு சீட்ட."

"பாஸ்போர்ட்டே குடுக்கலாம் அத்தான்" என்றாள் நில்டா.

விரலை எடுக்காமலே ஆடினார். கடைசியில் ஒலெகாரியோ "த்ரூக்கோ" என்று புள்ளியை ஏற்றினார். பதில் சொல்ல வேண்டியவள் நில்டா. சீட்டை மடித்து விலகினால் ஒரு புள்ளி நஷ்டம். ஏற்றுத் தோற்றால் ஆட்டமே போகும். அவள் கையில் வெறும் குப்பை.

எவாரிஸ்தோ தன் சீட்டுகளைக் கைக்குள்ளேயே விரித்துப் பார்த்தார். நடுவில் வாள் ஏழு.

அவரிடமே கற்றதுபோல, சகோதரர்கள் இருவரும் நில்டாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவாரிஸ்தோ கடைவாயிலிருந்து விரலை எடுத்து, வாய் மறுபடி வலப்பக்கம் கோண, இடது கண்ணில் வழிந்த நீரை மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

நில்டா எச்சில் விழுங்கவில்லை.