கம்பியைச் சொல்லாமல் விட்டேன்

நான் ஒரு மனிதரைக் காட்டிக்கொடுத்தேன். என்னை நம்பி அவர் சொன்ன ஒரு விஷயத்தை, நிறைந்த மண்டபத்தில் ஒலிவாங்கியின் முன் நின்று சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லவில்லைத்தானே என்று எனக்கு நானே பல வருஷங்கள் நியாயம் பேசிக்கொண்டு திரிந்தேன். அந்த நியாயம் செல்லாது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். இதை எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது. ஒரு பந்தி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், திரும்பி வந்து அதை அடித்துவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் மிகக் குறைவு. வெக்ஸ்போர்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஆறு பேர் இருந்தோம். ஐந்து பேர் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் படித்தவர்கள். ஆறாமவர் வன்னிக்காரர், காட்டோடு வளர்ந்தவர். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் அண்ணை. ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை செய்தார். வேலைக்குப் போதுமான ஆங்கிலம்தான் வரும். அவரை மதித்தோம் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. அவர் சமைத்ததைச் சாப்பிட்டோம், அவருடைய காரில் ஏறிப் போனோம், அவர் இல்லாத வேளையில் அவர் ஆங்கிலத்தைப் பேசிக் காட்டிச் சிரித்தோம். நன்றாகப் பேசிக் காட்டியவன் நான்.

அண்ணையின் வருஷம் முழுவதும் நவம்பரில் வரும் நாலைந்து நாட்களை நோக்கியே நகரும். அது மான் வேட்டைக் காலம். பிக்கரிங்கைத் தாண்டி வடகிழக்கே இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு கமம், பெரிய பண்ணை. அந்தக் கமக்காரரின் உழவு இயந்திரம் பழுதாகிக் கிடந்தபோது அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். அதிலிருந்து வேட்டைக் காலத்தில் தன் நிலத்தில் துவக்கோடு திரியக் கமக்காரர் அவரை விட்டார். அதற்குக் காசு எதுவும் வாங்கியதில்லை.

"அங்கை போனால், தம்பி, ஆரும் என்னட்டை ரெண்டாந்தரம் 'என்ன சொன்னனீ' எண்டு கேக்கிறேல்லை" என்பார். "மானுக்கு இங்கிலீசு தெரியாது."

ஒரு வேட்டைக்காரனுக்கு ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு மான். சுட்ட உடனே அந்தச் சீட்டை மானில் கட்டிவிட வேண்டும். கட்டியதும் அந்த வருஷத்து வேட்டை முடிந்துவிடும். சட்டம் அவ்வளவுதான். அண்ணை அதில் மிகவும் கண்டிப்பானவர். இறைச்சியைப் பங்கு வைப்பதிலும் அப்படித்தான். முதல் வருஷம் ஆறு பங்கு வைத்துவிட்டு ஏழாவதாக ஒன்று வைத்தார். பெற்றோல் நிலையத்தில் கார்க்கூரையிலிருந்து மான் சரிந்தபோது கயிற்றைப் பிடித்துக் கொடுத்த ஒரு வெள்ளைக்காரருக்கு அது. முப்பது மைல் ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்ன அண்ணை, உந்தக் குளிருக்குள்ளை?" என்றேன்.

"எங்கடை பக்கம் வெடி வைச்சால் வழியிலை கண்டவனுக்கும் பங்கு இருக்கு, தம்பி. குடுக்காட்டில் அடுத்த வெடி பிழைக்கும்."

அந்தக் காலத்தில் அரசாங்கத்தில் ஒரு யோசனை கிளம்பியது. நிலச் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் சில மான் சீட்டுகளைக் கொடுப்பது, அவர்கள் விரும்பிய விலைக்கு விரும்பியவருக்கு விற்கலாம் என்பது. கமக்காரர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மான்கள் அவர்களுடைய சோளத்தைத் தின்கின்றன, இளம் ஆப்பிள் மரங்களை மொட்டையாக்குகின்றன. தீனி போடுவது நாங்கள், சுட்டுக்கொண்டு போவது நகரத்தானா என்று கேட்டார்கள். மறுபக்கத்தார், மான் வேலிக்குச் சொந்தமில்லை, சீட்டு விலைக்கு வந்தால் பணக்காரன் மட்டும்தான் காட்டுக்குப் போவான் என்றார்கள். கமக்காரர் அண்ணையிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மகன் விற்கச் சொல்லி நிற்கிறான், சட்டம் வந்தால் தன்னால் மறுக்க முடியாது என்று. அப்படியானால் அண்ணைக்கு அந்த நாட்கள் இல்லை.

நகர வேட்டைக்காரர்களின் கருத்தைக் கேட்க ஸ்காபரோவில் ஒரு பள்ளி மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முதல் கிழமை அண்ணை என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீர் கதைக்கிற ஆள். எனக்காக ரெண்டு வார்த்தை சொல்லும்."

"என்ன சொல்லவேணும்?"

"உள்ளதைச் சொல்லும். காசில்லாதவனும் காட்டுக்குப் போகவேணும். உவ்வளவுதான்."

படியில் உட்கார்ந்து சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்த அறை நண்பன் விடவில்லை. "அண்ணை, உவனைக் கமத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. உவன்ரை பேச்சைக் கேட்டு மான் தானா விழும். துவக்குத் தேவையில்லை."

எல்லோரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் கல்லூரியில் நான் விவாத அணித் தலைவன். எங்கள் பயிற்சி எப்படி என்றால், எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். காலையில் ஆதரித்ததை மாலையில் எதிர்ப்போம். எது உண்மை என்று யாரும் கேட்டதில்லை. எது வெல்லும் என்று கேட்பார்கள். வெல்வது உதாரணம். அது சின்னதாக இருக்க வேண்டும், அதன் கூர்மையை மழுக்குகிற எதையும் வெட்டிவிட வேண்டும். அப்படி வெட்டி வெட்டி நான் மூன்று வெற்றிக் கிண்ணம் வாங்கியவன்.

அந்தப் பழக்கத்தில்தான் அண்ணையை விசாரித்தேன். எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? "நீங்கள் எப்பவாவது சட்டத்தை மீறினதுண்டோ?" என்று கேட்டேன். அவர் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்.

போன வருஷம், வேட்டைக் காலத்தின் கடைசி நாள். அவருடைய சீட்டு ஏற்கனவே ஒரு மானில் கட்டியாகிவிட்டது. திரும்பி வரும் வழியில் கமத்தின் வடக்கு வேலியில் ஒரு பெண்மான் தொங்கிக்கொண்டிருந்தது. பாய்ந்தபோது பின்னங்கால் மேலிரண்டு கம்பிகளுக்கிடையில் முறுகிக்கொண்டுவிட்டது. எலும்பு வெளியே தெரிந்தது. உயிர் இருந்தது. அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். கமத்து வீட்டில் ஒருவரும் இல்லை. தொலைபேசி கிடைத்தாலும் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சுட்டார். இறைச்சியை அழுக விடாமல் கொண்டுவந்தார்.

"நீங்கள் எல்லாரும் சாப்பிட்டதுதான்" என்றார். "உதை மட்டும் அங்கை சொல்லிப்போடாதையும்."

"சீச்சீ, அண்ணை" என்றேன்.

கூட்டத்தன்று அண்ணை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தார். அந்த மண்டபத்தில் எங்கள் நிறத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாம் வரிசையில் வனவிலங்கு அதிகாரி ஒருவர் சீருடையோடு இருந்தார். பேசுவதற்கு முன்பே நான் அவரைப் பார்த்தேன். இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். பார்த்தேன், பார்த்த பிறகும் சொன்னேன்.

தொடக்கத்தில் நன்றாகத்தான் போனது. பிறகு கூட்டம் நெளியத் தொடங்கியது. ஒருவர் கொட்டாவி விட்டார், இரண்டு பேர் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது. அந்த உணர்வு எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம், அதற்கு மருந்தும் பழக்கம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: எனக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி இருக்கிறார். போன வருஷம் தன் சீட்டு முடிந்த பிறகும் இன்னொரு மானைச் சுட்டார், வீட்டில் ஆறு வாய் இருந்ததால். அவர் கெட்டவர் அல்லர். சீட்டை விலைக்கு விட்டால் அவரைப் போன்றவர்களை எல்லாம் நீங்களே திருடர்களாக்குவீர்கள்.

கம்பியைச் சொல்லவில்லை. கம்பியைச் சொன்னால் அது இரக்கம் ஆகிவிடும். என் வாதத்துக்குத் தேவைப்பட்டது பசி.

கை தட்டினார்கள். கோட்டு மாட்டியவர்கள் உட்கார்ந்தார்கள். தட்டிக்கொண்டே ஒவ்வொரு தலையாகப் பின்வரிசைப் பக்கம் திரும்பியது. எனக்குத் தெரிந்த தொழிலாளி வேறு யாராக இருக்க முடியும்? அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார்.

திரும்பும்போது அவர்தான் கார் ஓட்டினார். வெட்கமில்லாமல் கேட்டேன். "எப்படி, அண்ணை, பேச்சு?"

"நல்லாய்க் கதைச்சனீர்."

அடுத்த சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னார். "கம்பியை விட்டிட்டீர்."

அடுத்த கிழமை இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் படியில் நின்றேன், மொழிபெயர்க்கக் கூப்பிடுவார் என்று. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதற்கெல்லாம் 'யெஸ்' என்று மட்டும் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். துவக்கைக் கொண்டுபோனார்கள். நீதிமன்றம் மூன்று வருஷம் வேட்டையாடத் தடை விதித்தது. கமத்துக்கும் விசாரணை போனது. இனி வர வேண்டாம் என்று கமக்காரர் சொல்லி அனுப்பினார்.

சீட்டு விற்கும் யோசனை அப்படியே அடங்கிப்போனது. என் பேச்சால் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வேட்டைக்காரர் சங்கத்திலிருந்து எனக்கு நன்றிக் கடிதம் வந்தது. அதைக் கிழிக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஒரு கிழமை மேசையில் வைத்திருந்தேன்.

நீதிமன்றத்துக்கு நானாகப் போயிருந்தேன். மான் வேலியில் சிக்கியிருந்ததென்று எழுந்து சொன்னேன். நீ பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை, அவர் சொன்னார் என்றேன். உட்காரச் சொன்னார்கள். அதன் பிறகு இரவில் நித்திரை போய்விட்டது. பகலில் ஓரிடத்தில் இருக்கவும் முடியவில்லை. வேலைத்தலத்தில் வரைபலகை முன்னிருந்து எழுந்து எழுந்து யன்னலடிக்குப் போவேன். மேலாளர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

பனி கரைந்ததும் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு கமத்துக்குப் போனேன். கமக்காரர் தொழுவ வாசலில் நின்றே நான் சொன்னதைக் கேட்டார்.

"மண்டபத்தில் பசிக்குச் சுட்டான் என்றாய். இப்போது இரக்கத்தில் சுட்டான் என்கிறாய். அடுத்த கிழமை வந்து எதற்குச் சுட்டான் என்று சொல்லப் போகிறாய்?"

அவர் வடக்குப் பக்கம் நடந்தார், நான் பின்னால் போனேன். மேற்கம்பி இன்னும் தொய்ந்துதான் கிடந்தது. முறுகிய இடத்தில் கொஞ்ச ரோமம் ஒட்டியிருந்தது. இந்த வேலியைத் திருத்த எனக்கு ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் திரும்பினார். நான் திருத்தட்டுமா என்று கேட்டேன். என் கைகளைப் பார்த்துச் சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று வசந்தகாலம், சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போனேன். கட்டை நட்டேன், கம்பி இழுத்தேன், கைகளைக் கிழித்துக்கொண்டேன். முதல் வருஷம் கட்டியதில் பாதி அடுத்த பனிக்குச் சாய்ந்துவிட்டது. மேலிரண்டு கம்பிகளுக்கும் இடைவெளி கூடுதலாக இருந்தால் கால் முறுகாது என்பதும், மேற்கம்பி தாழ்வாக இருக்க வேண்டும் என்பதும் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. கமக்காரரோடு பேச்சு இல்லை. மூன்றாம் வருஷம் ஒருநாள் வந்து கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

"அவனுடைய தடை எப்போது முடிகிறது?"

"இந்த இலையுதிர் காலத்தில்."

"வரச் சொல்லு."

அண்ணை அதற்குள் மனைவியை ஊரிலிருந்து கூப்பிட்டு மோர்னிங்சைட் பக்கம் குடிபோயிருந்தார். எங்காவது கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி தேத்தண்ணி வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். அண்ணை தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அவர் தானாச் சொன்னவரோ, நீர் கதைச்சு எடுத்தனீரோ?"

"நான் ஒண்டும் கதைக்கேல்லை, அண்ணை. வேலிதான் கட்டினனான்."

"நீரோ?"

"ஓம்."

அவர் என் கைகளைப் பார்த்தார். "மேற்கம்பி எவ்வளவு உயரம்?"

எழுந்து நின்று என் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் இறக்கவேணும்" என்றார்.

அந்த நவம்பரில் அவர் கமத்துக்குப் போனார். வெடி பிழைக்கவில்லை, மான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய அறை நண்பன் தொலைபேசியில் கூப்பிட்டான். "டேய், எனக்கு மான்தொடை வந்திருக்கு. உனக்கு என்ன?" இன்னும் வரவில்லை என்றேன். எங்களோடு இருந்த மற்றவர்களுக்கும் போய்விட்டது என்றான். பெற்றோல் நிலையத்தில் கயிறு பிடித்தவருக்கும் போயிருக்கும்.

நான் கோட்டைக் கழற்றாமல் இருந்தேன். யன்னலடிக்குப் போனேன், கீழே இறங்கி வாசலில் நின்றேன், திரும்ப ஏறினேன். குளிர்பெட்டியில் இடம் ஒதுக்கி வைத்தேன். ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் எழுந்தேன். ஒருவரும் வராமல், இருட்டிய பிறகுதான் கோட்டைக் கழற்றினேன்.

பனி கரைந்ததும் கமத்துக்குப் போய் மேற்கம்பியை நாலு விரற்கடை இறக்கிக் கட்டினேன்.