தபால் படிப்பும் ஒரு சுளகு ஏலக்காயும்

நான் பி.யூ.சி. முடித்தபோது என்னை மேலே படிக்க வைக்க வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. எங்கே வைத்துப் படிக்க வைப்பது என்பதில்தான் சண்டை. எனக்கு மதுரையில் ஆஸ்டலில் தங்கி, தினமும் வகுப்புக்குப் போய்ப் படிக்க வேண்டும். அப்பாவுக்கோ நான் போடியில் வீட்டிலேயே இருந்து தபாலில் படிக்க வேண்டும். "பட்டம் பட்டந்தானே ஆத்தா. தபால்ல வந்தா என்ன, பஸ்சுல வந்தா என்ன?" என்பார்.

காரணம் எனக்குத் தெரியும். குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வாரம் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் கிடந்துவிட்டுச் சனிக்கிழமை இறங்கி வருகிறவர். செருப்பைக் கழற்றும் முன்பே "ஆத்தா எங்க?" என்று என்னைத்தான் கேட்பார். இப்படிப் பாசம் வைத்திருக்கிற மனுஷனோடு எப்படி மல்லுக்கட்டுவது? சாப்பிடாமல் அடம்பிடித்துப் பார்த்தேன். அம்மா கறிக்குழம்பு வைத்தாள், தோற்றுப்போனேன். தபாலில் சேர்ந்தேன்.

பாடங்கள் கட்டுக் கட்டாக வந்தன. படிக்கத்தான் முடியவில்லை. ஏலக்காய்க்காரர் வீட்டில் யார் சும்மா உட்கார்ந்தாலும் மடிக்கு ஒரு சுளகு நிறைய ஏலக்காய் வந்துவிடும். வெடித்த காய், சின்னக் காய், காம்பு என்று பொறுக்கிப் பிரிக்க வேண்டும். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடப் பேச்சோடு பேச்சாக ஒரு சுளகு பொறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். எடுத்த சுளகைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் லட்சுமி கோபித்துக்கொள்வாள் என்று அம்மா வேறு சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதும் எல்லோர் கண்ணுக்கும் சும்மா இருப்பதாகத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் மதுரையில் ஒரு கல்லூரியில் நேர்முக வகுப்பு நடந்தது. தபாலில் படிக்கிறவர்கள் வாத்தியார் முகத்தைப் பார்ப்பது அப்போது மட்டும்தான். அப்பா துணைக்கு வந்தார். வந்தவர் வெறுங்கையோடு வந்தாரா? ஒரு பை ஏலக்காயும் சுளகுமாக வந்தார். கல்லூரி வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, காலையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். வாசனைக்கு ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டுக் கை கழுவியதும், பேசிக்கொண்டே சுளகை என் பக்கம் தள்ளினார். பழக்கதோஷம், நானும் பொறுக்க ஆரம்பித்தேன். மணி அடித்தது. காதில் விழத்தான் செய்தது. இன்னும் கொஞ்சம்தானே, முடித்துவிட்டே எழலாம் என்று குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். முடித்துவிட்டு ஓடினால் வகுப்புக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மாசக்கணக்காகப் புரியாமல் நான் முட்டி மோதிக்கொண்டிருந்த பாடம் உள்ளே நடந்துகொண்டிருந்தது. தட்டப் பயம். சன்னலோரம் நின்று ஒட்டுக்கேட்டேன். அரையும் குறையுமாகத்தான் கேட்டது. அழுகை வந்துவிட்டது.

திரும்பினால் அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, தெரியாது. மரத்தடிக்குப் போய் ஏலக்காயைப் பையில் கொட்டிக் கட்டினார்.

ஊர் திரும்பும் பஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறியது. அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "வர்ற வருசம் மதுரையிலயே சேந்துக்க. ஆஸ்டல்ல இரு" என்றார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. "வேண்டாம்ப்பா. நான் தபால்லயே படிச்சுக்கிறேன்" என்றேன். அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எங்கூட இருந்தா நானே உன்னப் படிக்க விடமாட்டேன், ஆத்தா. நீ போயிரு."