தட்டாத சாம்பல்

சுருட்டின் சாம்பலை நான் அடிக்கடி தட்டமாட்டேன். சாம்பல் நீளமாக நின்றால் நெருப்பு நிதானமாக எரியும், புகையும் தொண்டையைச் சுடாது. மத்திகிரியில் பக்கத்து வீட்டுக்காரி இதை நம்பவில்லை. அவளும் சுருட்டு பிடிப்பவள்தான்.

ஒருநாள் ஒரே சுருட்டுக் கட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுத்து, ஒன்றாகப் பற்ற வைத்தோம். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் கையை அசைக்கவே இல்லை. பாதியிலேயே அவளுக்கு இருமல் வந்துவிட்டது. என் கையிலிருந்ததைக் குனிந்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.

"ஆமாக்கா, உன்னுது காரமே இல்ல."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த அசைவில் சாம்பல் மொத்தமும், பக்கத்தில் நான் களிக்குச் சலித்து வைத்திருந்த ராகி மாவில் விழுந்தது.

"ஜெயிச்சவங்க வூட்ல இன்னிக்கு அடுப்பு எரியாது போல!" என்றாள்.

அன்று மதியம் அவள் வீட்டுக் களியைத்தான் சாப்பிட்டேன். சாம்பல் விஷயத்தில் நான் சொன்னதே சரி.