வேப்பிலையோடு ஏறிய மஞ்சள்

மூத்த பேரன் டாக்டருக்குப் படிக்கிறான். நடுப் பேத்தி வயலினில் எட்டாம் கிரேடு பாஸ். இன்று சின்னவள் வாணியின் முறை. லண்டன் ஹரோவில் அவளுடைய பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சிக்குப் போய் இப்போதுதான் வந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

வேப்ப மரத்தைப் பற்றிச் செய்திருந்தாள். கசப்புக்குக் காரணமான பொருளின் மூலக்கூறை மூலை மூலையாகக் கோத்துப் பெரிதாக வரைந்திருந்தாள். வேம்புக்குள் இத்தனை மூலைகள் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

பிறகு நான் வாங்கிக் கொடுத்த இலையின் சாற்றைக் காகிதத்தில் ஏறவிட்டு நிறங்களைப் பிரித்துக் காட்டினாள். பச்சையும் இலையின் வெளிர் மஞ்சளும் வந்தன. கூடவே கடும் மஞ்சள் கோடொன்றும் வந்தது. அது வரக்கூடாதாம். பரிசுக்குப் புள்ளி போட வந்த ரீச்சர் குனிந்து பார்க்க, பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

மெல்ல என்னிடம் வந்தாள்.

"அம்மம்மா, இலையை என்ன செய்தனீங்கள்?"

"மஞ்சள் தண்ணியிலை கழுவினனான். வெம்பிளிக் கடையிலை எத்தினை பேர் தொட்ட இலை பிள்ளை, அப்பிடியே தாறதே?"

வாணி சிரித்தாள். சமையல் வகுப்புக்கு ஓடிப்போய் மஞ்சள்தூள் வாங்கி வந்து, பக்கத்தில் இன்னொரு காகிதத்தில் ஏறவிட்டாள். அதே உயரத்தில் அதே கோடு.

கலந்ததைக் கண்டுபிடித்ததற்காகவே முதற்பரிசு கொடுத்தார்கள்.

"அரைவாசி எனக்கு" என்றேன்.

"ஏலாது அம்மம்மா" என்கிறாள்.

நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். பதில் போடும்போது உங்கள் பிள்ளைகளின் புதுப்படம் ஒன்றையும் போட்டுவிடுங்கள். என்னிடம் உள்ள படங்களில் ஒருவருக்கும் இன்னும் பல் முளைக்கவில்லை.