நம்ம ஸ்டாப்பில் நிற்காத குழாய்

சாயங்காலம் நாலேகால் மணிக்குச் செய்தி வந்தபோது தையல்காரம்மா ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். பஸ் டிரைவர்தான் போன் செய்தார். அவளுடைய கணவர் ஜன்னலோரம் சாய்ந்தபடியே வீட்டு ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாராம். கடைசி ஸ்டாப்பில் தட்டிப் பார்த்தார்களாம். எழுந்திருக்கவில்லையாம்.

அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். பிறகு, "டிக்கெட் எடுத்திருந்தாராப்பா?" என்று கேட்டாள்.

எடுத்திருந்தார். காலமெல்லாம் மற்றவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர், ஓய்வு பெற்றபின் கிடைத்த இலவச பாஸை ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை. "ஓசியில போனா உட்கார்ந்த எடம் சுடும்" என்பார்.

தெருவுக்கே அவர் கண்டக்டர்தான். பால் வாங்கும் வரிசையில்கூட, "உள்ள நகருங்க, நடுவுல நின்னு காத்து வாங்காதீங்க" என்று குரல் கொடுப்பார். வீட்டில் சண்டை முடிந்ததற்கு அடையாளம், அவர் சொல்லும் "ரைட், போலாம்."

அந்த வீட்டில் தீராத சண்டை ஒன்று உண்டு. செப்டிக் டேங்க். தெருவின் பள்ளமான மூலையில் வீடு. நாலு தூறல் விழுந்தால் டேங்க் எதிர்த்துக்கொண்டு வரும். முன்னறையில்தான் அவளுடைய தையல் கடை. அளவு கொடுக்க வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பழைய சட்டையக் குடுத்தனுப்புறேன் அக்கா" என்று நழுவுவாள்; சட்டையும் வராது, அவளும் வரமாட்டாள். இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனால் கடைக்குப் பூட்டுதான் என்று அவள் நினைத்திருந்த சமயத்தில் நகராட்சி நோட்டீஸ் வந்தது.

தெருவுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியைக் குடியிருப்பு நிலமாக மாற்றி, எட்டு மாடிக் கட்டடங்கள் கட்டப் போகிறார்கள். அதற்காகப் பாதாளச் சாக்கடையை அங்கே வரைக்கும் நீட்டுகிறார்கள். நோட்டீஸின் தலைப்பில் 'கழிவு நீட்டிப்பு' என்று பார்த்துவிட்டு மாடி வீட்டு அத்தை ஓடி வந்தாள்.

"எத்தனை சதவீதமாம்? எந்தக் கடையில?"

"அது தள்ளுபடி இல்ல அத்தை. சாக்கடை."

"அட போடி! நான் பையெல்லாம் எடுத்துட்டுல்ல வந்தேன்!"

தெரு கொதித்தது. வெயில் மறையும், லாரி நுழையும், குடிதண்ணீர் குறையும். எல்லாம் நியாயமான பயம்தான். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தெருவின் சார்பாக 'வேண்டவே வேண்டாம்' என்று பேச, குரல் உள்ளவர் என்று கண்டக்டரைப் பிடித்தார்கள். அவரும் தலையாட்டிவிட்டு வந்தார்.

"வேணாம்னு சொல்லிட்டு வாங்க. அடுத்த மழைக்கு நீங்களே அள்ளிக் கொட்டுங்க" என்றாள் அவள்.

"தெருவே ஒண்ணா நிக்குது. நான் மட்டும் பின்பக்கமா எறங்கி ஓட முடியுமா?"

"யாரு ஓடச் சொன்னா? நோட்டீஸ்ல போட்டிருக்கிற இந்தப் படத்தைப் பாருங்க. குழாய் நம்ம வாசல் வழியாத்தான் போகுது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கோடு தெருவுக்குள் புகுந்து, ஒரு வீட்டையும் தொடாமல், நேரே புதுக் கட்டடங்களுக்குப் போனது.

"என்ன வண்டி இது? ஸ்டாப்புல நிக்காம போகுது!"

"அதத்தான் அங்க போய்க் கேளுங்க."

கூட்டத்தன்று அவள் பின்வரிசையில் உட்கார்ந்தாள். என்ன பேசப் போகிறார் என்று அவளுக்கே தெரியாது. தெருக்காரர்கள் கைதட்டத் தயாராக இருந்தார்கள். கண்டக்டர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"சார், வீடு கட்டுங்க. யாரும் ஏறாதீங்கன்னு சொல்றவன் கண்டக்டரே இல்ல. ஆனா கையக் காட்டிட்டு நிக்கிற எங்கள விட்டுட்டு, இன்னும் வராத ஆளுக்கு சீட் போட்டு வெச்சா எப்படி? எங்கள மொதல்ல ஏத்துங்க. ஓவர்லோடும் வேணாம். நாலு மாடியோட விசில் அடிச்சிருங்க."

"யோவ், உன்ன எதுக்குய்யா அனுப்புனோம்?" என்று மருந்துக்கடைக்காரர் கத்தினார்.

"உங்க மிச்சச் சில்லறை எறங்கும்போது தர்றேன். இப்ப உட்காருங்க."

கூட்டம் சிரித்தது, மேடையில் இருந்த நகராட்சிப் பொறியாளரும் சிரித்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. அதன்பிறகு பல நாள் தெருவில் யாரும் கண்டக்டரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முடிவெட்டுபவர்கூட வெட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. "காலி வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு" என்று கண்டக்டர் அவளிடம் மட்டும் சொன்னார்.

திருத்திய திட்டம் வந்தது. நாலு மாடி கேட்டார், ஆறுதான் கிடைத்தது. ஆனால் குழாய் தெருவின் எல்லா வீடுகளுக்கும் இணைப்புக் கொடுத்த பிறகே மேலே போகும். மருந்துக்கடைக்காரர் தன் வீட்டு இணைப்புக்கு முதல் ஆளாக மனு கொடுத்தார். குழாய் பதித்த பின் வந்த மழைக்காலத்தில் முன்னறை காய்ந்தே கிடந்தது. கொட்டுகிற மழையில் ஒரு மணப்பெண் நின்று நிதானமாக அளவு கொடுத்தாள். கண்டக்டர் வாசலில் நாற்காலி போட்டுத் தண்ணீர் ஓடுவதை வேடிக்கை பார்த்தார்.

மழை விட்டதும் தானாகவே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அடைப்பு எடுக்க வருகிறவர்கள் குழம்பக் கூடாது என்று, வீட்டுக்கு வீடு வாசலில் புதிதாக வைத்த சாக்கடைத் தொட்டி மூடியின்மேல் வெள்ளைப் பெயிண்டில் கதவு எண்ணை எழுதுவது.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"சீட் நம்பர் போடாம வண்டி எடுக்கலாமா?"

மேட்டுப்பக்கம் ஆரம்பித்து இறங்கிக்கொண்டே வந்தார். பிரஷ் முடி கொட்டிப்போனதால், வேறொன்று வாங்கிவர, அந்தப் போன் வந்த அன்று மத்தியானம் பஸ் ஏறினார்.

பள்ளத்து மூலையில், அவர் வீட்டோடு சேர்த்து, கடைசி இரண்டு மூடிகளுக்கு இன்னும் எண் போடவில்லை.