செயினுக்கு வண்டி மை

கடை எண்ணெய்க்குக் காசு செலவழிக்க மனமின்றி, தலைக்குத் தேய்க்கிற விளக்கெண்ணெயை என் மோட்டார் சைக்கிள் செயினில் ஊற்றிய மடையன் நான். அது சூடேறி வாடை கிளம்பியதுமே, முப்பது வருஷத்துக் கோபம் புதிதாக மூண்டது.

உலக யுத்தம் முடிந்த சமயம், திருத்தணியில் பெட்ரோலாவது கூப்பனுக்குக் கிடைக்கும், மோட்டார் எண்ணெய் கிடைக்காது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டி அச்சுக்குப் போடுகிற மையையே, நைனா தன் மோட்டார் சைக்கிள் செயினுக்கும், தேங்காய் நாரால் வழித்து வழித்து, கண்ணி மறையும்வரை அப்புவார்.

"இத்தினி அப்பினா தெறிக்குங்க. மாடா இழுத்துகினு போவுது, மெல்லமா சுத்தறதுக்கு?" என்பாள் அம்மா.

"சக்கரம்னா எல்லாம் ஒண்ணுதான்டி, போ."

ஆடிக் கிருத்திகையன்று, நான் முன்னால் டேங்கின்மேல் உட்கார, அம்மா தன் வேண்டுதலுக்கென்றே அம்மையார்குப்பத்து மாமா நெய்து தந்த மஞ்சள் புடவையில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மலையடிவாரத்தில் இறங்கினால், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கறுப்புப் பொட்டுகள். அந்தக் கோலத்தில் படியேற மனம் வராமல், சாமி பார்க்காமலே, வண்டியிலும் ஏறாமல், கூட்டத்துக்கு எதிராக அழுதபடி நடந்தாள். ஆத்திரத்தில் நான் வண்டியை உதைத்தேன். என் கால்தான் வீங்கியது.

வீட்டு வாசல்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்த நைனா, அம்மாவிடம், "ஆனா, வழியில செயின் எங்கனா சத்தம் போட்டுச்சா, சொல்லு?" என்றார்.