ஜன்னல் சாத்திய மார்கழி

கரையான்சாவடியில் எங்கள் பிளாக்குக்கும் பக்கத்து பிளாக்குக்கும் நடுவே கை நீட்டினால் தொட்டுவிடும் இடைவெளிதான். கட்டிய புண்ணியவான் அப்படிக் கட்டிவிட்டுப் போய்விட்டான். என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே இன்னொரு படுக்கையறை ஜன்னல். அங்கே இருப்பவர் என் வயதுப் பெண்மணி. மகன் பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருக்கிறார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று அவருக்கு வீடு நிறைய ஆட்கள். நான் தனி.

வருடத்தில் பத்து மாதம் நாங்கள் யாரோ எவரோ. கீழே பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். வெயில் காலத்தில் அவர்கள் குடும்பமே ஏசி இருக்கும் அந்த ஒரே அறையில்தான் படுக்கும், ஜன்னல் சாத்தியே கிடக்கும். மார்கழி பிறந்தால் ஏசி நிற்கும், பிள்ளைகள் மற்ற அறைக்குப் போய்விடுவார்கள், அறை அவருக்கு மட்டும் என்றாகும். விடிகாலைத் தொழுகை முடித்துவிட்டு ஜன்னலைத் திறப்பார். நான் காப்பியோடு இந்தப் பக்கம் நிற்பேன்.

முகம் சரியாகத் தெரியாத அந்த இருட்டில் நாங்கள் பேசாத பேச்சில்லை. என் வீட்டுக்காரர் போனது வருத்தம்தான். ஆனால் அவர் இருந்தபோது நான் பட்ட எரிச்சலை வாய்விட்டுச் சொன்னது இந்த ஒருத்தரிடம் மட்டும்தான். கேட்டுவிட்டு, "எங்க ஊட்டுக்காரரு இருந்தப்பவும் அதே கதைதான்க்கா, நான் வெளிய சொல்றதில்ல" என்பார். அப்புறம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

இந்த வருடம் அவரிடம் கேட்க எனக்கு ஒரு விஷயம் இருந்தது. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான் பெங்களூரில் இருக்கும் என் மகன். வாங்க ஆள் தயாராக இருக்கிறது, பொங்கலுக்குள் சொல் என்றான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போய் நான் என்ன செய்வேன்? இதை வேறு யாரிடம் கேட்டாலும் என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரியும். அவர் மட்டும்தான் யோசித்துச் சொல்வார். ஜன்னல் திறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

குளிர் வரவே இல்லை. மார்கழி விடிகாலையில் கழுத்தில் வியர்வை வழிய நின்றேன். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஏசிப் பெட்டி நிற்காமல் ஓடி, அனலை என் ஜன்னலுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. கடைசியில் நானும் சாத்திவிட்டேன்.

யாருக்காவது இது உறைக்கிறதா என்று பார்த்தேன். தெருமுனை இஸ்திரிக்காரர், "ஆமாம்மா, பனியே காணோம். நமக்கு இன்னா, துணி சீக்கிரம் காயுது" என்றார். அவரையாவது மன்னிக்கலாம். எங்கள் அசோசியேஷன் செயலாளர் இருக்கிறாரே, போன வருடம் வரை காதில் மஃப்ளர் கட்டிக்கொண்டு வாக்கிங் போன மனுஷர், "மெட்ராஸ்ல எப்பம்மா குளிர் இருந்துச்சு?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரோ பனிமலை உருகும் வீடியோ போட்டார்கள். வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். அடுத்த செய்தி, இரண்டாவது ஏசி எந்தக் கடையில் மலிவு என்று. வேப்பமரத்தை வெட்டி பார்க்கிங் போட்ட அதே கூட்டம்தான். குளிர் வராததால் ஒருத்திக்குப் பேச ஆளில்லாமல் போனதை இவர்களிடம் போய் என்னவென்று சொல்வது? பைத்தியம் என்பார்கள்.

போகி நெருங்கியதும் பொறுக்க முடியாமல் பக்கத்து பிளாக்குக்குப் போய் மணியடித்தேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. மருமகள் மரியாதையாகக் கூப்பிட்டு, "இங்க வாங்க ஆன்ட்டி, ஹால்ல உக்கார முடியாது" என்று அந்த அறைக்கே அழைத்துப் போனாள். குடும்பமே அங்கேதான் இருந்தது. பிள்ளைகள் டிவி பார்த்தன. நான் தேடிய ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, முன்னால் பீரோவை நகர்த்தி வைத்திருந்தார்கள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த ரோஸ்மில்க்கைக் குடித்தேன். வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் போல, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். மகன் கூப்பிடுகிறான், போகலாமா என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"போங்க ஆன்ட்டி, தனியா எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றாள் மருமகள்.

"ஆமாக்கா, புள்ளையோட இருக்கறதுதான் நல்லது" என்றார் அவரும்.

மனசு விட்டுப்போயிற்று. கிளம்பிவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். புழுக்கத்தில் அவர் கையெல்லாம் ஈரம்.

"உள்ள சொன்னது அவங்க காதுக்கு. போவாதீங்கக்கா. நீங்க பூட்டா நான் யாராண்ட பேசுவேன்?"

"மாமி, ரூம் கதவச் சாத்திட்டுப் போங்க, ஏசி போவுது" என்று உள்ளிருந்து மருமகள் மாமியாருக்குக் குரல் கொடுத்தாள். அவர் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.

பொங்கலன்று மகன் போன் செய்து, "என்னம்மா முடிவு பண்ணியிருக்க?" என்றான்.

"கொஞ்சம் குளிரட்டும்டா, சொல்றேன்" என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்து அவன் சிரித்தான். "தை பொறந்தாச்சும்மா. இனிமே எங்க குளிரப் போவுது?"